சொன்னால் நம்பிவிடும் நாடு

ஒரு நாட்டின் குணம் தெரிய வேண்டுமானால் அந்த ஊர்ப் பிரசவ வார்டில் ஒரு பகல் நின்று பார்த்தால் போதும். மற்றவர்கள் சாலையைச் சொல்வார்கள், சம்பளத்தைச் சொல்வார்கள், குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. வலி வந்தவள் என்ன சொல்கிறாள், பக்கத்தில் நிற்பவள் அவளுக்கு என்ன பதில் சொல்கிறாள், அதுதான் எனக்குத் தெரிந்த பூகோளம்.

பெங்களூரில் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை பிரசவ வார்டுதான். தொண்ணூறுகளில் என்னோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருத்தியாக விமானம் ஏறிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் ஃபாக்டரி வேலை, போதாததற்கு நெஞ்சில் ஒரு தடவை அட்டாக் வேறு வந்திருந்தது. போனவர்கள் லீவில் வந்தால் அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வராமல் திரும்ப மாட்டார்கள். சாக்லேட் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டு வார்டுக் கதை பேச உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

அமெரிக்காவுக்குப் போனவள் சொல்வாள், அங்கே வலிக்குக்கூட மார்க் போட வேண்டுமாம். பத்துக்கு எவ்வளவு என்று நர்ஸ் கேட்பாள். படுத்திருப்பவள் உதட்டுச் சாயம் கலையாமல் ஒன்பது என்பாளாம். டாக்டர் முகத்தில் எப்போதும் ஒரு கிலி, நாளைக்குக் கோர்ட்டில் நிறுத்தினால் என்ன சொல்வது என்று. இங்கிலாந்துக்குப் போனவள் கதை வேறு. ஒருத்தி ‘கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, மன்னிக்கணும்’ என்றாளாம். வெறும் சங்கடம்தானே என்று இவள் அடுத்த கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை பிறந்து கிடந்ததாம். ஜெர்மனியில் மடத்தில் இருந்த கன்னியாஸ்திரீ ஒருத்தி, அங்கே ஊசி எதற்கு, எவ்வளவு, போட்டால் என்ன ஆகும் என்று ஒரு பாடமே நடத்தாமல் யாரும் கையை நீட்ட மாட்டார்கள் என்றாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

சிரித்து முடித்தபின் எங்கள் வார்டு நினைவுக்கு வரும். அங்கே யாரும் உள்ளதை உள்ளபடி சொன்னதே கிடையாது. வலி எட்டிப் பார்த்ததுமே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கி, “தலை தெரியுது சிஸ்டர்” என்று அலறுவார்கள். அப்படிச் சொன்னால்தான் கட்டில் கிடைக்கும். கூட்டித்தான் சொல்வார்கள் என்று எங்களுக்கும் தெரியும், பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் போட்டுக்கொள்வோம். நாங்கள் அதற்கு நேர்மாறு. உள்ளே எவ்வளவு மோசமோ, வெளியே நிற்பவர்களிடம் அவ்வளவு குறைத்துச் சொல்வோம். தமிழ்க் குடும்பம் என்றால் “ஒண்ணும் பயமில்ல.” கன்னடக்காரர்கள் என்றால் “ஏனூ பய இல்லா.” முஸ்லிம் வீட்டுப் பெரியம்மா என்றால் “ஃபிகர் நக்கோ கரோ.” மூன்று பாஷையிலும் அதே பொய். நிஜமாகவே பயமில்லாதபோது அதைச் சொல்ல மாட்டோம், போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று விரட்டிவிடுவோம். பயமில்லை என்று எங்களில் ஒருத்தி வெளியே வந்து சொன்னாள் என்றால் உள்ளே இரத்தத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்படியே பழகிப்போனவளுக்கு இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சோதனை வந்தது. கல்யாணமாகி நெதர்லாந்துக்குப் போயிருந்த என் ஒரே மகள் முழுகாமல் இருந்தாள். மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் அங்கேதான் கம்ப்யூட்டர் வேலை. தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில்தான் என்பது ஊர் வழக்கம். அதிலும் பிரசவம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் வீட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் லீவு கிடைக்காது, இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், நீ வா மம்மி என்றாள். சரி, பணக்கார நாடு, டாக்டரும் மெஷினும் சுற்றி நிற்பார்கள் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு, நாள் குறித்திருந்த வாரத்துக்கு முந்தின வாரம் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தோம். ஃபோன் செய்த மகள், புது சோபா வாங்கியதைச் சொல்கிற குரலில், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். எந்த வீட்டில் என்றேன். எங்கள் வீட்டில்தான், மாடி பெட்ரூமில் என்றாள். டாக்டர் வருவாரா என்றேன். அவள் இதுவரை ஒரு டாக்டரையும் பார்த்ததே இல்லையாம்! மருத்துவச்சி ஒருத்தி இருக்கிறாள், சைக்கிளில் வருவாள், எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டாள். நார்மலாக இருப்பவளுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று அந்த ஊரில் கேட்பார்களாம். வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலும் பெறலாம், ஆனால் இவளுக்கு வீடுதான் பிடித்திருக்கிறதாம்.

வீட்டில் பெற்றுவிட்டுக் குற்றுயிராக ஆட்டோவில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, முதலிலேயே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆயுசெல்லாம் கத்தினவள் நான். அவ்வளவு பணமும் படிப்பும் உள்ள நாட்டில் என் மகளை மாடியில் படுக்கவைத்துப் பெறச் சொல்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்த வேண்டுமாம், குனிந்தால் மருத்துவச்சிக்கு முதுகு வலிக்கும் என்பதற்காக. பஞ்சும் துணியும் ஒரு பெட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டதாம். பிள்ளை பிறந்தபின் ஒரு பெண் தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டி, பாத்ரூம் கழுவி, பார்க்க வருகிறவர்களுக்கு டீயும் போட்டுக் கொடுப்பாளாம். நல்ல கூத்துதான். பெறுகிறபோது டாக்டர் கிடையாது, பெற்றபின் டீ போட ஆள் உண்டு.

என் பயம் ஒன்றே ஒன்று. இரத்தம். பிள்ளை நல்லபடியாக வெளியே வந்து அழுதுவிடும், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நஞ்சுக்கொடி மட்டும் உள்ளேயே நின்றுவிடும். பிறகு குழாயைத் திறந்துவிட்ட மாதிரிதான். அதை என் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் அடுத்த அறையில் இருந்தும் நிறுத்த முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தியேட்டர் இல்லாத மாடி பெட்ரூமில் கிடக்கப் போகிறவள் என் மகள்.

அந்தச் சமயம் மாப்பிள்ளை வீட்டுப் படங்களை ஈமெயிலில் அனுப்பியிருந்தார். அல்சூர் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் நிறையப் பூந்தொட்டி, தொட்டில், உயர்த்தின கட்டில், எல்லாம் அழகுதான். ஒரு படத்தில் மாடிப்படி இருந்தது. நெட்டுக்குத்தாக, ஓர் ஆள் மட்டும் ஏறுகிற அகலத்தில், ஏணிக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். அந்தப் படியில் ஸ்ட்ரெச்சரை எப்படித் திருப்புவார்கள்? அந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பூந்தொட்டி எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஃபோன் போட்டு மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த மருத்துவச்சியிடம், குழந்தை முன்ன மாதிரி அசையவில்லை என்று ஒரு வார்த்தை போட்டு வை. தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்று கூடச் சேர்த்துக்கொள். அவளே பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். இங்கே எங்கள் வார்டு வாசலில் எல்லோரும் செய்வதுதானே, இதில் என்ன தப்பு?

“மம்மி, இங்க சொன்னா நம்பிடுவாங்க,” என்றாள்.

நம்பத்தானே சொல்லச் சொல்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அசைவு இல்லை என்று சொன்ன நிமிஷமே வண்டியில் ஏற்றிவிடுவார்கள், டிரிப் ஏற்றுவார்கள், வலியை வரவைப்பார்கள், தேவைப்பட்டால் கத்தி வைப்பார்கள். இவள் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே தோன்றாது. அப்படி நம்புகிற ஆளிடம் போய் எப்படிப் பொய் சொல்வது என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பெண், சினிமா டிக்கெட்டுக்குக்கூடப் பொய் சொல்லி வரிசையில் நுழைந்தவள், அங்கே போய் ஹரிச்சந்திரன் வீட்டுப் பேத்தி ஆகிவிட்டாள் என்று திட்டிவிட்டு ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு அழுகை வந்தது.

அடுத்த வாரம் அவளே அந்த மருத்துவச்சியை ஃபோனில் பேச வைத்தாள். கறாரான இங்கிலீஷ், வளவளப்பு கிடையாது. நானும் இதே தொழிலில் இருந்தவள் என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஆபத்து உண்டா என்று நேராகக் கேட்டேன். சே, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பாள், நானும் அவளை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உண்டு என்றாள். சிறிய ஆபத்து, ஆனால் உண்டு. இரத்தம் போனால் என்ன ஊசி போடுவேன், எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன், படியில் எப்படி இறக்குவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊசி எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாள்.

நான் ஃபோனை வைத்துவிட்டு என் வார்டுக் கணக்கைப் போட்டேன். எங்கள் ஊரில் ஒருத்தி ஆபத்தே இல்லை என்றால் பாதி ஆபத்து. இவள் சிறிய ஆபத்து என்று வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால்? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. டிக்கெட் தேதியை முன்னால் தள்ளப் பார்த்தேன், சீட் இல்லை. லேகியம் கிளறி, பூண்டு உரித்துக் காயவைத்து, பெட்டி கட்டி வாசலருகே வைத்துவிட்டு மாதா கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

நான் கிளம்புவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. மாப்பிள்ளை ஃபோன் செய்து ஆரம்பித்துவிட்டது என்றார், மருத்துவச்சி வந்துவிட்டாள் என்றார், ரிசீவரைக் கட்டில் பக்கம் வைத்தார். மகள் மூச்சு விடுவது கேட்டது. என்னால் அந்த மூச்சை வைத்தே எங்கே இருக்கிறாள் என்று சொல்ல முடியும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஜெபமாலையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு பெரிய சத்தம், அதன் பின்னால் குழந்தையின் அழுகை. நல்ல திடமான அழுகை. பெண் குழந்தை என்று மாப்பிள்ளை கத்தினார். இவர் சிலுவை போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

நான் கேட்டது வேறு.

“நஞ்சு விழுந்துச்சா மாப்பிள்ளை?”

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் கேட்டேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நஞ்சு விழ எவ்வளவு நேரம் ஆகலாம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் போயிற்று. இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்கிற நேரமும் போயிற்று. நான் டயல் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நம்பரைத் தப்பாக அழுத்தி, திரும்ப முதலிலிருந்து அழுத்தினேன். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான், அவனை அடித்தாலென்ன என்றிருந்தது.

கடைசியில் மாப்பிள்ளையின் மொபைலிலிருந்து ஃபோன் வந்தது. பின்னால் நிறையப் பேர் வேகமாக நடக்கிற சத்தம்.

“ஒண்ணும் பயமில்ல அத்தை,” என்றார்.

அவர் நல்ல பிள்ளை, எனக்காகத்தான் சொன்னார். நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேனோ அதே குரல், வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்குகிற அதே சின்ன இடைவெளி. அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மகள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்றேன். ஆஸ்பத்திரி, சும்மா செக் பண்ணத்தான் அத்தை என்றார். அந்த மருத்துவச்சி கூட வந்திருக்கிறாளா என்றேன். வந்திருக்கிறாள்.

“அவங்ககிட்ட குடுங்க மாப்பிள்ளை. இப்பவே குடுங்க.”

ஃபோன் கை மாறியது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், நேராகச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லு என்றேன்.

“நஞ்சுக்கொடி வரவில்லை. நிறைய இரத்தம் போய்விட்டது. இப்போது தியேட்டருக்குள் இருக்கிறாள், இரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த நிமிஷம் நானே உங்களைக் கூப்பிடுவேன்.”

எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டேன். அளவைச் சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று நடந்தது, அதை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்று அவள் சொன்னதும் மகள் போய்விட்டாள் என்கிற நினைப்பு விலகிவிட்டது. போயிருந்தால் போய்விட்டாள் என்று சொல்லியிருப்பாள். அவள் சொன்ன அளவுக்குத்தான் பயப்பட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம், ஒரு சொட்டு குறையவும் வேண்டாம். அந்த அளவே ஒரு தாய்க்குத் தாங்க முடியாத அளவுதான்.

திரும்பினால் என் வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அவருக்கு முன்பு வந்த அட்டாக் ஞாபகத்துக்கு வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ஒண்ணும் பயமில்ல,” என்றேன்.

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. நர்ஸோடு குடித்தனம் நடத்திய மனுஷன். வார்டில் நாங்கள் எப்போது எதைச் சொல்வோம் என்று சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லிச் சிரித்ததையெல்லாம் கேட்டவர்.

“பொண்ணு போயிடுச்சா?” என்றார். “மறைக்காத.”

அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. இனி பொய் சொன்னால்தான் இவருக்கு ஆபத்து என்று எனக்கே தெரிந்தது. உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மருத்துவச்சி எனக்குச் சொன்னதை அதே வரிசையில் சொன்னேன். எவ்வளவு இரத்தம் என்றும் சொன்னேன். பிழைப்பாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் அப்படிச் சொன்னதில்லை. அவர் என் கையை விடவில்லை. இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜெபம்கூட வரவில்லை, மாதாவே மாதாவே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடவில்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபிறகு மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். அந்த மருத்துவச்சிதான்.

இரத்தம் நின்றுவிட்டது என்றாள். தியேட்டரிலிருந்து வெளியே வந்துவிட்டாள், உயிருக்கு இனி ஆபத்து இல்லை, இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, சில வாரம் பலவீனமாக இருப்பாள் என்றாள். நான் அதில் எதையும் கூட்டவில்லை, கழிக்கவில்லை. இவரைப் பார்த்து, பிழைத்துவிட்டாள் என்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாட்டில் என்ன பெரிய வாழ்க்கை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இன்னமும் அந்த மாடிப்படி ஒத்துவராது. பெண்ணைப் பெற்றவள் யாராவது வந்து கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ என்றுதான் சொல்வேன். ஆனால் வார்த்தைக்கு அதன் எடை மட்டும் இருக்கும் ஊரில் என் மகள் இருக்கிறாள். அதை எந்தச் சம்பளத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் மறுநாள்தான் பேசினாள். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குழந்தைக்கு உன் மூக்கு மம்மி என்றாள், பால் குடிக்கிறது என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி,

“ரொம்பப் பயந்துட்டேன் மம்மி. செத்துடுவேன்னு நெனச்சேன்,” என்றாள்.

சின்ன வயதில் அவள் காய்ச்சலில் கிடந்தபோதும், பரீட்சைக்குப் போனபோதும், விமானம் ஏறினபோதும் இந்த இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

“நானும்தாண்டி கண்ணு,” என்றேன். “நீ செத்துட்டேன்னே நெனச்சேன்.”

அவள் ஓவென்று அழுதாள். அழாதே என்று நான் சொல்லவில்லை.